ஓய்வில் வைத்த வண்டி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் காய்ச்சி ஐந்து நாற்பதுக்குக் காபி குடித்தேன். ஆறிலிருந்து ஆறு இருபது வரை மொட்டை மாடியில் நடந்தேன். பனி இறங்கியிருந்ததால் டாக்குரியா ஸ்டேஷன் தெரியவில்லை, லோக்கல் ரயிலின் ஹாரன் மட்டும் கேட்டது. ஏழு மணிக்குச் சந்தை: புடலங்காய், பூசணிக்கீற்று, ஒரு கட்டு கொத்தமல்லி. எட்டரைக்குச் சவரம். ஒன்பது மணிக்கு மகளை எழுப்பினேன். இட்லி, மிளகாய்ப்பொடி.

அன்றைக்கு வேலை இரண்டுதான். பத்து மணிக்கு ஒரு மிஸ்திரி, அதாவது மெக்கானிக், வருவார். நான்கு மணிக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்போர் கூட்டம். முதல் வேலை சரியாக முடிந்தால்தான் இரண்டாவதில் வாய் திறக்க முடியும்.

கூட்டத்தின் அறிவிப்பு அக்டோபர் கடைசியில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கீழ்த்தளத்தில் சொந்தமாக ஓட முடியாத வாகனங்களை நவம்பர் கடைசிக்குள் அகற்ற வேண்டும், பாரம்பரிய வாகனத்துக்கு மட்டும் விலக்கு. எங்கள் கட்டடத்தில் ஓடாத வாகனம் ஒன்றுதான். இறந்துபோன என் மனைவியின் சின்ன மின்சாரக் கார். பாரம்பரிய வாகனமும் ஒன்றுதான். அது இரண்டாம் மாடி தாதாவின் கறுப்புக் கார்.

தாதா என்றால் இங்கே வங்காளியில் அண்ணன். மதுரையிலிருந்து என் தங்கை முதன்முதலாக வந்தபோது, "தாதா வராரு, வழி விடு" என்று நான் சொன்னதைக் கேட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வந்தவர் மெலிந்த மனிதர், கையில் தயிர்ச்சட்டி, கழுத்தில் மஃப்ளர். அவர்தான் குடியிருப்புக் குழுவின் செயலாளர். அவருடைய கார் அவர் அப்பா வாங்கியது. என்னைவிட வயது மூத்தது. வருஷத்தில் ஒருமுறை, குளிர்காலத்தில், பழைய கார்களின் அணிவகுப்புக்குப் போகும். மற்ற நாட்களில் துணிக்கு அடியில் தூங்கும். கிளப்பும் நாளில் கட்டடமே கூடி, ஹேய்யோ என்று கத்தித் தள்ளும். அது இருமும், புகை கக்கும், பிறகு ஓடும். ஓடியதும் எல்லோரும் கைதட்டுவோம்.

"உன் வண்டி பழசு, என் வண்டி பொனேதி," என்றார் தாதா, அறிவிப்பைப் பற்றி நான் கேட்டபோது. பொனேதி என்பது இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்த பெரிய வீடுகளுக்கும் அந்த வீட்டுத் துர்கா பூஜைகளுக்கும் வைத்திருக்கும் சொல். வயதானால் மட்டும் அந்தப் பெயர் கிடைத்துவிடாது.

"இன்னும் ஐம்பது வருஷம் போனா என்னோடதும் பொனேதி ஆகாதா, தாதா?"

"ஆகாது. என் காரைத் திறந்தா கொல்லன்கூடப் புரிஞ்சுப்பான். ஒரு பாகம் உடைஞ்சா அடிச்சுச் செஞ்சுடலாம். உன்னோடதைத் திறந்தா என்ன இருக்கு? ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கோ அது. ஃப்ரிட்ஜை யாராவது அணிவகுப்புக்குக் கொண்டுபோவாங்களா? வாசனை கிடையாது, சத்தம் கிடையாது."

பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, இப்படிச் செய். கூட்டத்துக்கு முன்னாடி உன் வண்டி அதோட இடத்துலேர்ந்து கேட் வரைக்கும் தானா ஓடட்டும். தள்ளக் கூடாது. ஓடிச்சுன்னா உனக்காக நான் பேசறேன்."

அதனால்தான் மிஸ்திரி.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. துறைமுகத்தில் கப்பல்கள் வரும் நேரம், போகும் நேரம் இவற்றைப் பதிவு செய்யும் பிரிவில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். வீட்டிலும் அதே பழக்கம்தான், நாளுக்கு ஒரு பக்கம் நாட்குறிப்பு. ஓட்டியவள் என் மனைவி. அலிப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது வயதை நெருங்கும்போது, கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது என்ற ஒரே காரணத்துக்காக 2010இல் அந்தக் காரை வாங்கினாள். இரண்டு கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் குழந்தைகள் மட்டும். கட்டடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "பௌதி, மிக்ஸி எவ்வளவு?" என்று கேட்டார்கள். பௌதி என்றால் அண்ணி. "சட்னி நல்லா அரைக்கும், வாங்க," என்று இவள் வங்காளியில் பதில் சொல்வாள்.

கீழ்த்தளத்தில் எங்கள் இடத்துக்கு நேராகச் சுவரில் ஒரு ப்ளக் பாயிண்ட் வைத்து, அதற்குத் தனி மீட்டரும் போட்டோம். தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் ப்ளக்கைச் செருகிவிட்டுத்தான் மேலே வருவாள்.

ஆயுத பூஜையன்று எங்களுக்குள் வருஷா வருஷம் ஒரு வாக்குவாதம் நடக்கும். வெளியே பந்தல்களில் நவமியின் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருக்க, நாங்கள் புத்தகங்களையும் சுத்தியல், கத்திரிக்கோலையும் அடுக்கிச் சந்தனம் வைப்போம். காருக்கும் வைப்போம். அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது என் வீட்டு வழக்கம். நான் அதில் கறார். அவள் சாயங்காலமானதும் கீழே போய் ப்ளக்கைச் செருகிவிட்டு வருவாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அது சும்மா இருக்கட்டுமே."

"சுத்தியலுக்கு ஓய்வு குடுங்க. இது வயிறு உள்ள சாமான். பூஜை நாள்ல வீட்டுல யாரையாவது பட்டினி போடுவோமா?"

இதை அவள் சொன்னபடியே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். வேடிக்கையாக இருந்ததால் எழுதினேன்.

2022 ஆகஸ்ட் 3 அன்று இறந்தாள். பதினைந்து நாள் காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு இல்லை. அதைப் பற்றி வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

மிஸ்திரி பத்து ஐந்துக்கு வந்தார். டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பின்னால் டோட்டோக்களுக்கு, அதாவது இங்கே சந்துக்குச் சந்து ஓடும் பேட்டரி ரிக்‌ஷாக்களுக்கு, வேலை செய்பவர். நாற்பது வயது இருக்கும். தன்னுடைய டோட்டோவிலேயே வந்திருந்தார். காரைச் செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. இந்த ஊரில் அதைத் தொட்டுப் பார்க்கத் தயாராக இருந்தவர் இவர் ஒருவர்தான்.

நான் உறையை எடுத்தேன். மகள் முன் இருக்கைகளைக் கழற்ற உதவினாள். பேட்டரிகள் இருக்கைகளுக்கு அடியில்தான். மூடியைத் தூக்கியதும் மிஸ்திரி 'ச்சு' கொட்டினார். முனைகளில் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு பெட்டிகள் பக்கவாட்டில் புடைத்திருந்தன.

"காகு, இதுக்குக் கடைசியா எப்ப சோறு போட்டீங்க?" என்று வங்காளியில் கேட்டார். காகு என்றால் சித்தப்பா.

எனக்குத் தேதி தெரியும். ஆனாலும் மேலே போய் 2022ஆம் வருஷத்து நோட்டை எடுத்து வந்தேன். தேதி கேட்டால் நினைவிலிருந்து சொல்லும் பழக்கம் எனக்கில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தமிழில் படித்து வங்காளியில் சொன்னேன்: "மாலை 5.15. அவள் கார். சார்ஜ் நூறு சதவீதம். ப்ளக்கை எடுத்துச் சுற்றி வைத்தேன். சுவிட்ச் அணைத்தேன். உறை போட்டேன். முதல் திதி வரை வீட்டில் பண்டிகை இல்லை, பூஜை இல்லை. அதுவும் ஓய்வாக இருக்கட்டும்."

"நூறா? அப்புறம்?"

"முதல் திதி முடிஞ்ச மறுநாள் செருகினேன். விளக்கு எரியலை."

மிஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. தெரியாதவருக்கு விளக்கும் குரலில்தான் சொன்னார். "பெட்ரோல் வண்டியா இருந்தா நீங்க பண்ணினது சரி. டாங்க்கை நிரப்பி மூடி வெச்சுடலாம். இது அப்படி இல்லை, காகு. ஓடாம நின்னாலும் உள்ள கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே இருக்கும். மூணு நாலு மாசத்துல காலியாயிருக்கும். காலியா கிடந்தா செத்துடும். இதுக்கு வயசாகலை. பட்டினியிலதான் போயிருக்கு."

நான் நோட்டை மூடினேன். மகள் இருக்கைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் தமிழ் அம்மாவிடமும் என்னிடமும் மட்டும் பேசுவதற்கானது. மற்ற எல்லாம் வங்காளி.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தூர், அப்பா. இப்ப எதுக்கு அது?" வங்காளிச் சலிப்புதான் முதலில் வந்தது.

"தெரியுமா, தெரியாதா?"

"அந்த வருஷம் பூஜை டைம்ல கேட்டேன்ல. சார்ஜ்ல போடட்டுமான்னு. நீ சொன்ன, ஒரு வருஷம் அதைத் தொடாத, அம்மா வெச்ச மாதிரியே இருக்கட்டும்னு." அவள் ஒரு போல்ட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு நாள்கூட அதை அப்படி வெச்சதில்லை. ஆனா நீ அழுதுட்டிருந்த. நான் என்ன சொல்ல?"

நான் அழுததாக அந்த மாதப் பக்கங்கள் எதிலும் இல்லை. அவள் கேட்ட கேள்வியும் இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன்.

மிஸ்திரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் டோட்டோவிலிருந்து நான்கு பேட்டரிகளை இறக்கினார். காருக்கும் டோட்டோவுக்கும் வோல்ட் ஒன்றுதான் என்றார். அவற்றை இணைத்ததும் காரின் முன்பலகை விளக்குகள் எரிந்தன. 41,286 என்று கிலோமீட்டர் எண் வந்தது. பக்கத்திலேயே சிவப்பில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. மிதியை அழுத்தினாலும் சக்கரம் அசையவில்லை.

"உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் இந்த பேட்டரியை ஒத்துக்க மாட்டேங்குது. இது என்னுது இல்லைங்குது. கம்பெனிக்காரங்க கருவி வெச்சுச் சொன்னாத்தான் கேக்கும். அந்தக் கருவி இப்ப யார்கிட்டயும் கிடையாது." கம்ப்யூட்டரை விலக்கிவிட்டுத் தான் கொண்டுவந்த டோட்டோ கன்ட்ரோலரை மோட்டாருக்குக் கொடுத்தால் ஓடும். ஆனால் அதற்குச் சில ஒயர்களை வெட்ட வேண்டும், முன்பலகை மறுபடி எரியாது. "வெட்டவா?"

தாதா இதற்குள் கீழே வந்து, தன் காரின்மேல் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டினா அது கோட்டுப் போட்ட டோட்டோ," என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. இப்போதும் அதை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. எந்தக் காரும் வாங்கிய அன்றே அருமையானதாகிவிடுவதில்லை. புதிதாக இருக்கும்போது எல்லோரும் விரும்புவார்கள். ஐம்பது வருஷம் கழிந்தால் மறுபடி விரும்புவார்கள். நடுவில் இருபது முப்பது வருஷம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாதாவின் கார் அந்தக் காலத்தைத் துணிக்கு அடியில் தூங்கியே கழித்தது. மறந்துபோனாலும் அது மன்னித்துவிடும். மின்சாரக் கார் மன்னிக்காது. யாருக்கும் வேண்டாத அந்த நடுக்காலம் முழுக்க ஒரு ஆள் விடாமல் அதற்குச் சோறு போட வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் அதுவும் பொனேதி ஆகும். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிறகு நான் இருந்தேன்.

"வெட்டுங்க," என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு தடவை ஓடட்டும்ப்பா," என்றாள்.

எண்ணைக் குறித்துக்கொண்டேன். மிஸ்திரி வெட்டினார். முன்பலகை அணைந்தது. வேலை முடியப் பன்னிரண்டு இருபது ஆயிற்று. பேட்டரிகள் இருந்த இடத்துக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு அதில் மகள் உட்கார்ந்தாள். அவளுக்கு லைசென்ஸ் உண்டு. இந்தக் காரைத்தான் முதலில் ஓட்டிப் பழகினாள்.

கேட் வரைக்கும் இருபத்திரண்டு மீட்டர். கார் நகர்ந்தது.

சத்தம் கிடையாது என்று எல்லோரும் சொல்லும் அந்த வண்டிக்கு ஒரு சத்தம் இருந்தது. புறப்படும்போது மெல்லிய ஒரு இழுப்பு, மூக்கால் ஒரே சுரத்தைப் பாடுவதுபோல. வேகம் கூடக் கூட அது மேலே ஏறும். திரும்பும்போது கொஞ்சம் இறங்கும். பன்னிரண்டு வருஷம் பள்ளி நாட்களில் நாலு நாற்பதுக்கு அது கேட்டில் திரும்பியதும் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தால் அடுப்பைப் பற்றவைப்பேன். அவள் மேலே வரும்போது டீ தயாராக இருக்கும். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. 'அவள் வந்த நேரம் 4.40' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தாதா தன் காரின் மேலிருந்து நிமிர்ந்தார். "பௌதி எஷே கெச்சேன்," என்றார். பௌதி வந்துட்டாங்க என்று அர்த்தம். யோசித்துச் சொன்னதில்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். மேலே முதல் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. அந்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

கார் கேட் அருகில் நின்றது. மகள் உடனே இறங்கவில்லை.

மிஸ்திரிக்குத் தன் பேட்டரிகள் வேண்டும். சாயங்காலம் அவர் டோட்டோ ஓட வேண்டும். கழற்றி எடுத்துக்கொண்டார். காரைத் திரும்ப அதன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். தள்ளும்போது யாரும் ஹேய்யோ சொல்லவில்லை.

நான்கு மணிக்குக் கூட்டம். பதினொரு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். தாதா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "ஓடிச்சு, என் கண்ணால பார்த்தேன், காதாலயும் கேட்டேன். விலக்கு குடுக்கணும். என் வண்டிக்குக் குடுத்தீங்கன்னா இதுக்கும் குடுக்கணும்," என்றார்.

மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்தவர் எழுந்தார். மரியாதையான மனிதர், முப்பத்தைந்து வயதுக்குள். அவர் பெரிய மின்சாரக் கார் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார், டிசம்பரில் வருகிறது. கீழ்த்தளத்தில் தனி மீட்டரோடு ப்ளக் பாயிண்ட் இருக்கும் இடம் எங்களுடையது ஒன்றுதான். "அங்கிள், நான் உங்க மனசைப் புண்படுத்த நினைக்கலை," என்று இந்தியில் சொன்னார். "ஆனா அது ஓடினது வேற வண்டியோட பேட்டரியில. சொந்தமா ஓடலை. என் வண்டி தினமும் ஓடும்."

"உன் வண்டியை எத்தனை வருஷம் வெச்சுப்பே?" என்று தாதா குறுக்கே கேட்டார்.

"அஞ்சு, ஆறு. அப்புறம் மாத்திடுவேன். போன் மாதிரிதானே, தாதா. இதையெல்லாம் யார் சேர்த்து வெச்சுப்பாங்க?"

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. தாதா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் எழுந்தேன். பேட்டரிகளைப் பாழாக்கியது வண்டியின் வயதல்ல, நான்தான் என்று சொன்னேன். ப்ளக்கை எடுத்த தேதியையும் நேரத்தையும் சொன்னேன். அவற்றை யாரும் கேட்கவில்லை. புது பேட்டரி போட்டாலும் கம்ப்யூட்டர் ஏற்காது, ஒயர்களை வெட்டியாகிவிட்டது, இனி அது அந்த வண்டி இல்லை என்றும் சொன்னேன். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கைதூக்கி எண்ணியதில் எனக்கு நான்கு பேர், அவருக்கு ஆறு பேர். நான் கை தூக்கவில்லை. தூக்கியிருந்தாலும் போதாது.

கூட்டம் முடிந்ததும் மிஸ்திரிக்கு போன் செய்தேன். சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மோட்டார் நன்றாக இருக்கிறதாம், எதிலாவது உபயோகமாகும் என்றார். மகள் தோசை வார்த்தாள். சாப்பிடும்போது, "நான் அன்னிக்கே சண்டை போட்டிருக்கணும்," என்றாள். "நீ கேட்டதை நான் எழுதிக்கூட வைக்கலை," என்றேன். அவள் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

நவம்பர் 18, திங்கள். ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மூன்றாம் மாடிக்காரருக்குப் புரியும்படி இந்தியில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ப்ளக் பாயிண்ட்டின் சுவிட்ச் கொஞ்சம் தளர்வு, இரண்டு முறை அழுத்த வேண்டும். மழைக்காலத்தில் மேல் சுவரிலிருந்து சொட்டும், அதற்கு ஒரு தகர மூடி கட்டியிருக்கிறது, எடுத்துவிட வேண்டாம். ஊருக்குப் போனாலும், வீட்டில் என்ன நடந்தாலும், வண்டியை மாதக்கணக்கில் மறந்து நிறுத்தி வைக்க வேண்டாம். நாலாக மடித்து, படியேறிப் போய், அவர் கதவுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன்.